கும்பமும் கும்பகமும்

(திருக்குட நன்னீராட்டுப் பெருவிழாவையொட்டி யாகசாலைப் பந்தலில் மாலை வேளையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)





திருப்பணி என்பது ஒருவரால் ஆகும் செயல் அன்று. பெரும்பொருள் வழங்கிய செல்வர்களும், நாள்தோறும் பிடியரிசி எடுத்து வைத்து உதவிய தாய்மார்களும், சாரத்தின்மீது நின்று சுதைவேலை செய்த தொழிலாளர்களும், கல்லும் மண்ணும் சுமந்தவர்களும் ஒன்றுகூடியதால் அன்றோ இத்திருக்கோயில் இன்று புதுப்பொலிவுடன் விளங்குகின்றது? அவர்கள் அனைவரையும் முதற்கண் வணங்குகின்றேன்.

மூச்சுப் பயிற்சியும் தியானமும் பற்றிச் சில சொல்லுமாறு அன்பர்கள் என்னைப் பணித்தார்கள். வேத ஒலியும் திருமுறை ஒலியும் முழங்குகின்ற யாகசாலையில் இத்தலைப்புச் சற்றே விலகி நிற்பதுபோல் சிலர்க்குத் தோன்றலாம். “மூச்சை அடக்குதல் மலைக்குகையில் வாழும் யோகியர் செயல், மனைவி மக்களோடு வாழும் நமக்கு அதனால் ஆவது யாது?” என்று கேட்பாரும் உளர். அக்கேள்விக்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அதோ, வேதிகையின்மேல் நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் தாங்கி நிற்கின்றதே குடம், அதுவே விடை கூறுகின்றது.

குடம் காட்டும் உடல்

குடத்துக்குக் கும்பம் என்பது வடமொழிப் பெயர். உள்ளிழுத்த மூச்சு அசையாது நிற்கும் நிலைக்குக் கும்பகம் என்பது பெயர். நிறைகுடத்து நீர் தளும்பாது நிற்பதுபோல மூச்சு நிற்றலால் அப்பெயர் அமைந்தது. ஆகவே கும்பாபிடேகத்துக்கும் மூச்சுப் பயிற்சிக்கும் உள்ள உறவு நாம் வலிந்து கூறுவது அன்று. சொல்லிலேயே அமைந்து கிடப்பது.

இக்கும்பத்தின் உறுப்புக்களுக்குப் பெரியோர் கூறும் விளக்கமும் அதனையே வலியுறுத்துகின்றது. குடம் என்பது தசை. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய நூல், உடலெங்கும் ஓடும் 72,000 நாடிகள். உள்ளே நிறைந்த நீர், குருதி. மேலே வைத்த தேங்காய், தலை. மாவிலை, சடை. நடுவே செருகிய தருப்பைக் கூர்ச்சம், பிராணன். யாகசாலையில் வரிசையாக நிற்பவை வெறுங்குடங்கள் அல்ல. இறைவன் எழுந்தருளுதற்குரிய உடம்புகள் என்பது கருத்து.

இனிச் சிவாசாரியர்கள் அக்குடத்தைக் கொண்டு செய்வது யாது? கலாகர்ஷணம் என்னும் கிரியையால் மூலமூர்த்தியின் அருளாற்றலைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்கின்றார்கள். பின்னர்க் காலந்தோறும் வேள்வி வளர்த்து, அவ்வாற்றலை வழிபட்டுக் காக்கின்றார்கள். நாடிசந்தானம் என்னும் கிரியையால் யாகசாலைக்கும் மூலமூர்த்திக்கும் இணைப்பு உண்டாக்குகின்றார்கள். முடிவில் கும்பங்கள் தலைமேல் எழுந்தருளி வலம்வந்து, விமானம் ஏறி, அந்நீர் கலசத்தின்மேல் பொழியப்பெறுகின்றது.

உள்வாங்குதல், உள்ளே நிறுத்திப் போற்றுதல், பிறகு வழங்குதல் என்னும் மூன்றும் இதில் அடங்கியிருத்தல் காண்க. மூச்சை உள்வாங்குதல் பூரகம், நிறுத்துதல் கும்பகம், வெளிவிடுதல் இரேசகம். வேள்விச்சாலையில் பல நாள் நிகழும் செயலுக்கும், நம் மூக்கு நுனியில் கணந்தோறும் நிகழும் செயலுக்கும் இத்துணை ஒப்புமை இருத்தல் எண்ணி எண்ணி மகிழத்தக்கது. சிவபூசை செய்வோர் பூசை தொடங்குமுன் பிராணாயாமமும் பூதசுத்தியும் செய்கின்றார்கள். தம் உடலைத் தூய்மை செய்துகொண்டபிறகே திருமேனியைத் தீண்டுகின்றார்கள். வெளிக்கோயிலுக்கு முன்னர் உட்கோயில் என்பதே அதன் முறை.

பூசலார் காட்டிய நெறி

உட்கோயில் என்றவுடன் நம் உள்ளத்தில் எழுந்தருள்பவர் பூசலார் நாயனார். பெரியபுராணம் போற்றும் அறுபத்துமூவருள் ஒருவராகிய அவர் திருநின்றவூரிலே வாழ்ந்தவர். சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க விரும்பினார், பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. ஆகவே மனத்தாலேயே பொருள் திரட்டினார்; மனத்தாலேயே தச்சரையும் கருவிகளையும் சேர்த்தார்; நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார். இரவிலும் கண் துயிலாது ஒவ்வொரு படையாகக் கட்டி, விமானம் எழுப்பி, சுதைவேலை முடித்து, கிணறும் திருக்குளமும் மதிலும் அமைத்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார்.

அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தான் எடுத்த கற்றளிக்குக் குடமுழுக்குச் செய்ய நாள் குறித்திருந்தான். இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூர் அன்பன் நெடுநாள் நினைந்து கட்டிய கோயிலுக்கு நாம் எழுந்தருள வேண்டியிருத்தலால் நின் விழாவைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள்க என்று பணித்தருளினார். மன்னன் வியந்து திருநின்றவூர் சென்று வினவினான். அவ்வூரில் அப்படியொரு கோயிலைக் கண்டவர் ஒருவரும் இலர். பூசலாரைக் கண்டு உண்மை அறிந்தபிறகே, அக்கோயில் எங்கே எழுந்தது என்பதை மன்னன் உணர்ந்து நிலமுற விழுந்து வணங்கினான்.

இவ்வரலாறு நாம் அறிந்ததே. ஆயினும் இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டுவன இரண்டு. ஒன்று, மன்னனின் கற்றளியை இறைவன் வேண்டா என்று தள்ளவில்லை. நாளை மட்டுமே மாற்றச் சொன்னார். எனவே பொருள் கொடுத்துத் திருப்பணி செய்த பெருமக்கள் தம் தொண்டு சிறிது என்று எண்ண வேண்டுவதில்லை. மற்றொன்று, பூசலார் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓர் இன்பக் கனவில் ஆழ்ந்தவர் அல்லர். அடிநிலை இடாமல் விமானம் எழுப்பவில்லை. ஒரு படை முடியாமல் மறுபடை தொடங்கவில்லை. கிணற்றையும் மதிலையும்கூட விட்டுவிடவில்லை. ஒழுங்கும், நாள்தோறும் விடாமையும், விரைவின்மையும் கூடிய நினைவே தியானம் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

இன்று நான் கூற வந்ததன் சாரமும் இதுவே. உள்ளாற்றலை எழுப்புவது வலிமையினால் அன்று, ஒழுங்கினால்.

திருமூலர் வகுத்த முறை

தமிழில் மூச்சின் நெறியை விரித்துரைத்த பேராசிரியர் திருமூலர். ஒன்பது தந்திரங்களைக் கொண்ட திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைக் கூறுவது. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன எட்டு உறுப்புக்கள். இவற்றுள் பிராணாயாமம் நான்காம் இடத்தில் நிற்றல் கவனிக்கத்தக்கது. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை முதலிய விலக்குக்களும், தூய்மை, தவம், இறைவழிபாடு முதலிய ஒழுக்கங்களும், அசையாது இருக்கும் இருக்கையும் முன்னே வந்தபிறகே மூச்சு வருகின்றது.

ஏன் இம்முறை? குயவன் வனைந்த குடத்தைச் சூளையில் இட்டுச் சுட்டபிறகே நீர் நிரப்புவர். பச்சை மண்குடத்தில் நீர் ஊற்றினால் குடமும் போம், நீரும் போம். ஒழுக்கம் என்பது சூளை. அதில் சுடப்படாத உடலிலும் மனத்திலும் ஆற்றலைப் பெருக்கினால், பெருகுவது அருளாக இராது. சினமும் செருக்குமாகவே இருக்கும்.

பூரகம் 16 மாத்திரை, கும்பகம் 64 மாத்திரை, இரேசகம் 32 மாத்திரை என்பது திருமூலர் கூறும் அளவு. மாத்திரை என்பது இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது கைந்நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் எழுத்துக்கு அளவு கூறுவதை நாம் அறிவோம். ஒன்றுக்கு நான்கு, நான்குக்கு இரண்டு என்னும் இவ்வளவு குருவின் கண்முன்னே நெடுங்காலம் பயின்றவர்க்கு உரியது. ஏட்டைப் பார்த்து ஒருவர் நாளைக் காலையில் 64 மாத்திரை மூச்சை அடக்க முயலுதல் பெருந்தவறு. ஆயினும் இவ்வளவில் நம்மனோர்க்கும் ஓர் உபதேசம் உண்டு. வாங்குவதைக் காட்டிலும் விடுவது இரு மடங்கு நீண்டிருத்தல் காண்க. பெறுவதில் காட்டும் விருப்பத்தைக் காட்டிலும் கொடுப்பதில் பொறுமை மிகுந்திருக்க வேண்டும். இது மூச்சுக்கும் பொருந்தும், செல்வத்துக்கும் பொருந்தும்.

நாள் ஒன்றுக்கு மனிதன் விடும் மூச்சு 21,600 என்பது முன்னோர் கணக்கு. நிமிடத்துக்குப் பதினைந்தாகக் கணக்கிட்டால் அவ்வெண் மிகச் சரியாக வருகின்றது. ஓய்வில் இருக்கும் வளர்ந்தவர்க்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை என்று இக்கால மருத்துவ நூல்கள் கூறுவதும் இதற்கு இசைந்ததே. தில்லைச் சிற்றம்பலத்தின் கூரையில் வேய்ந்த பொன்னோடுகள் 21,600 என்றும், அவற்றைப் பிணைக்கும் ஆணிகள் 72,000 என்றும் வழிவழியாகக் கூறுவர். ஓடு மூச்சையும் ஆணி நாடியையும் குறிப்பன. நாம் விடும் ஒவ்வொரு மூச்சும் கூத்தப்பெருமானுக்கு வேய்ந்த ஒரு பொன்னோடு என்று எண்ணுங்கால், எத்தனை ஓடுகளை நாம் நாள்தோறும் சினத்திலும் வீண்பேச்சிலும் உதிர்த்துவிடுகின்றோம் என்று நெஞ்சம் நடுங்குகின்றது அன்றோ?

உள்ளாற்றல் என்பது யாது?

முதுகெலும்பின் அடியில், மூலாதாரத்தில், பாம்பு சுருண்டு கிடப்பதுபோல ஓர் ஆற்றல் உறங்குகின்றது, அது குண்டலினி, அது விழித்து, சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆக்ஞை என்னும் நிலைகளைக் கடந்து உச்சியை அடையும் என்று யோக நூல்கள் கூறும். இது மறைவாகச் சிலர்க்கே உரிய செய்தி அன்று. ஔவையார் அருளிய விநாயகர் அகவலில் இச்செய்தி உண்டு. அவ்வகவலை நம் இல்லங்களில் சிறுவரும் ஓதுகின்றனர். ஆறு ஆதாரங்களுக்கும் முறையே திருவாரூர், திருவானைக்கா, திருவண்ணாமலை, தில்லை, திருக்காளத்தி, காசி என்று தலங்களையும் வகுத்து வழங்குவர். இவற்றை வணங்கி வருவோர் அறிந்தோ அறியாமலோ தம் முதுகெலும்பினூடே ஒரு யாத்திரை செய்கின்றனர் என்பது இவ்வழக்கின் பொருள்.

இவ்வாதாரங்கள் அறுவை மருத்துவர் கத்திக்குக் காணப்படுவன அல்ல, அகநோக்கில் உணரப்படுவன. ஆயின் மூச்சு மெதுவாகும்போது உடலில் நிகழும் மாறுதல்களோ கருவிகளாலும் அளக்கப்படுவன. 1924-ஆம் ஆண்டு சுவாமி குவலயானந்தர் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவிய நாள்முதல், யோகப் பயிற்சிகளை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்க்கும் முயற்சி நம் நாட்டிலேயே வளர்ந்து வந்துள்ளது. மூச்சை உள்வாங்கும்போது இதயத் துடிப்புச் சற்று விரைவதும், வெளிவிடும்போது சற்றுத் தணிவதும் உடலின் இயல்பு. மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் என்னும் நரம்பே அத்தணிவைச் செய்வது. ஆகவே வெளிமூச்சை நீட்டுவோர்க்கு உடலும் மனமும் ஆறுதல் பெறுதல் வியப்பன்று.

2001-ஆம் ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர் பெர்னார்டி முதலானோர் ஆங்கில மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 23 பேரைக்கொண்டு, கிறித்தவர் செபமாலை ஓதும்போதும், பௌத்தர் வழங்கும் மந்திரம் ஓதும்போதும் மூச்சு எவ்வாறு இயங்குகின்றது என்று அளந்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. இதயத்தின் ஒழுங்கும் சிறந்தது. வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு மொழியில் தோன்றிய இரு வழிபாடுகள் ஒரே மூச்சளவில் வந்து கூடுதல் சிந்திக்கத்தக்கது. மந்திரத்தை நிதானமாக ஓதுவோர் தாம் அறியாமலே பிராணாயாமம் செய்கின்றனர் என்பது இதனால் விளங்கும்.

பயிலும் முறை

இனி, இல்லறத்தார் அச்சமின்றிப் பயிலத்தக்க எளிய முறையைக் கூறுகின்றேன். இதற்கு வேண்டும் காலம் ஒரு நாழிகை, அஃதாவது 24 நிமிடம். வைகறை சிறந்தது. இயலாதோர் மாலையில் விளக்கேற்றிய பின் செய்யலாம். உண்டபின் மூன்று மணி நேரமேனும் கழிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது இருக்கை. பாயோ கம்பளியோ மடித்து விரித்து, சம்மணமிட்டு அமர்க. முழங்கால் நோவுடையோர் நாற்காலியில் பாதங்கள் தரையில் படிய அமரலாம். அதனால் பயன் குறையாது. முதுகும் கழுத்தும் நேராக இருக்கட்டும், தோள்கள் தளர்ந்திருக்கட்டும். ஆறு நிமிடம், ஒன்றும் செய்யாமல், மூச்சு வருவதையும் போவதையும் நோக்கியிருங்கள். அதனைத் திருத்த வேண்டா. கோயிலுக்குள் நுழையுமுன் கொடிமரத்தருகே சற்று நிற்பதுபோன்றது இது.

இரண்டாவது மெல்லிய மூச்சு. ஒரு கையை வயிற்றின்மேல் வையுங்கள். மூச்சு உள்ளே வரும்போது வயிறு மெல்ல எழ வேண்டும். போகும்போது தாழ வேண்டும். மார்பு மட்டும் ஏறி இறங்குமாயின் மூச்சு மேலோட்டமானது என்று அறிக. இப்போது திருவைந்தெழுத்தைத் துணைகொள்ளுங்கள். ந, ம, சி, வா, ய என்று எழுத்துக்கு ஒரு விநாடியாக மனத்துள் எண்ணி மூச்சை வாங்குக. அவ்வாறே ஐந்தெழுத்தையும் எண்ணி விடுக. ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி ஆகும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். முன்னே கூறிய ஆய்வாளர் கண்ட அளவும் இதுவே அன்றோ! ஐந்து நிமிடத்தில் முப்பது மூச்சு. பழகியபின், வாங்குவதை நான்காகக் குறைத்து விடுவதை ஆறாக நீட்டலாம். மூச்சுத் திணறுவதாகத் தோன்றினால் உடனே இயல்பான மூச்சுக்குத் திரும்புக.

மூன்றாவது நாடிசுத்தி. வலக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொள்க. பெருவிரலால் வலமூக்கை மூடி இடமூக்கால் வாங்குக. மோதிரவிரலால் இடமூக்கை மூடி வலமூக்கால் விடுக. வலமூக்காலேயே வாங்கி, இடமூக்கால் விடுக. இது ஒரு சுற்று. ஒன்பது சுற்றுப் போதும். ஏறத்தாழ மூன்று நிமிடம் ஆகும். இதில் மூச்சை நிறுத்துதல் வேண்டா. இடமூச்சு இடகலை, சந்திரன். வலமூச்சு பிங்கலை, சூரியன் என்பர். இரு துளைகளும் எப்போதும் ஒத்து இயங்குவன அல்ல. சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி ஒன்று அடைபட்டும் ஒன்று திறந்தும் இயங்கும் என்று நம் சரநூலார் கண்டதை, ஜெர்மானிய மருத்துவர் கைசர் என்பவரும் 1895-ஆம் ஆண்டில் எழுதினார். சந்திரனும் சூரியனும் ஒத்து நிற்கும் வேளையில் நடுநாடியாகிய சுழுமுனை திறக்கும் என்பது யோகியர் துணிபு.

நான்காவது தியானம். கைகளை மடியில் வைத்து மூச்சை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். நெஞ்சத்தானத்தில், காற்றில்லாத இடத்தில் எரியும் திருவிளக்கின் சுடரைப்போல ஓர் ஒளியை நினையுங்கள். ஆறாதாரத் தலங்களுள் தில்லை நெஞ்சத்துக்கு உரியது என்று கூறினோம் அல்லவா? கூத்தப்பெருமான் ஆடும் அம்பலம் அதுவே. பத்து நிமிடம் அச்சுடரின்முன் இருங்கள். மனம் ஓடினால் கடிந்துகொள்ள வேண்டா. தேரோடும் வீதியில் வழிதவறிய குழந்தையைக் கைப்பிடித்து அழைத்து வருவதுபோல மெல்ல அழைத்து வாருங்கள். பத்து நிமிடத்தில் நூறு முறை அழைக்க நேரினும், அந்த நூறும் வழிபாடே.

இவ்வாறு பயிலுங்கால் ஒரு நாள், வாங்கிய மூச்சுக்கும் விடும் மூச்சுக்கும் இடையே, நீங்கள் ஒன்றும் செய்யாமலே, ஓர் அமைதி தானே வந்து நிற்கும். கணநேரமே நிற்கும். வலிந்து அடக்காமல் தானே அமையும் இதனையே கேவல கும்பகம் என்று பெரியோர் போற்றுவர். நிறைந்த குடம் தானே அமைதியாக நிற்கும். அதனை யாரும் பிடித்து நிறுத்த வேண்டுவதில்லை.

விலக்க வேண்டுவன

இங்கு ஓர் எச்சரிக்கை கூறாது விடுதல் கடமை தவறுதலாகும். விரைவில் குண்டலினியை எழுப்புவோம் என்று கூறி, துருத்திபோல் மூச்சை விரைந்து இழுத்து விடும் பயிற்சியை முன்பின் அறியாதவர்க்கும் கற்பிப்போர் உளர். அவ்வாறு செய்யுங்கால் தலை சுழலும். விரல்களும் உதடும் மரமரக்கும். சிலர்க்கு நினைவும் தடுமாறும். “ஆற்றல் எழுந்துவிட்டது” என்று அன்பர்கள் மகிழ்வர். உண்மை யாதெனில், அளவுக்கு மேல் மூச்சு விடுவதால் குருதியிலுள்ள கரியமில வாயு குறைந்து, மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன. அதனால் வரும் மயக்கமே அது. மயக்கத்தை அருள் என்று மதித்தல் கூடாது. அருள் தெளிவைத் தருவது. மயக்கத்தைத் தருவது அன்று.

இரத்தக் கொதிப்பு, இதய நோய், வலிப்பு, கண்ணில் அழுத்த நோய் உடையோரும், கருவுற்ற தாய்மாரும் மூச்சை அடக்குதலையும் விரைந்த மூச்சையும் அறவே விலக்குக. முன்னே கூறிய மெல்லிய மூச்சையும் தம் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. உண்ணும் மருந்தைப் பயிற்சியின் பொருட்டு நிறுத்திவிடுதல் ஒருபோதும் கூடாது. மனக்கலக்கம் மிக்கோர் தனித்து நெடுநேரம் கண்மூடி இருத்தலைக் காட்டிலும், கூட்டு வழிபாட்டில் வாய்விட்டுத் திருமுறை ஓதுதல் நலம் பயக்கும்.

மற்றொன்று. மூச்சு அடங்கினால் எல்லாம் அடங்கிற்று என்று எண்ணிவிடலாகாது. திருவண்ணாமலையில் வாழ்ந்து 1950-ஆம் ஆண்டில் நிறைவெய்திய இரமண மகரிஷிகள், மூச்சை அடக்குதல் மனத்தை அடக்குதற்குத் துணையே அன்றி, அதுவே மனத்தை அழித்துவிடாது என்று ‘நான் யார்?’ என்னும் சிறு நூலில் தெளிவுறுத்தியுள்ளார்கள். ஏணி ஏறுதற்கு உரியது; ஏணியின்மேலேயே குடியிருத்தல் அறிவுடைமை ஆகாது.

எனவே, “எனக்கு ஒளி தெரிந்ததா, ஒலி கேட்டதா, முதுகில் சூடு ஏறிற்றா?” என்று நாள்தோறும் சோதித்துக்கொண்டிருக்க வேண்டா. வேறு சில அடையாளங்களைப் பாருங்கள். வீட்டில் குரல் தணிந்ததா? பணியாளரிடத்தில் பொறுமை வந்ததா? இரவில் உறக்கம் அமைதியாக வருகின்றதா? பிறர் புகழ்ந்தால் பூரிப்பும் இகழ்ந்தால் எரிச்சலும் சிறிது குறைந்தனவா? கோயிலில் கூட்டம் நெருக்கும்போது பின்னே நிற்பவர்க்கு வழிவிடும் மனம் உண்டாயிற்றா? இவையே உள்ளாற்றல் மேல்நோக்கிச் செல்வதன் அடையாளங்கள்.

மண்டல விரதம்

அன்பர்களே! இன்னும் சிறிது பொழுதில் குடமுழுக்கு நிறைவேறும். கோபுரக் கலசத்தின்மேல் புனித நீர் விழும், கைகள் தலைமேல் குவியும், கண்ணீர் பெருகும். பிறகு பந்தலைப் பிரிப்பார்கள், வாழைமரங்கள் வாடும், நாம் நம் ஊருக்கும் தொழிலுக்கும் திரும்புவோம். நாம் பெற்ற அருளை வைத்துக் காக்கும் கும்பம் நம்மிடத்தே உண்டா என்பதே அப்போது எழும் கேள்வி. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கோயிலைப் புதுப்பித்தல் மரபு. நம் உடற்கோயிலோ நாள்தோறும் பழுதுபடுகின்றது. அதற்கு நாள்தோறும் திருப்பணி வேண்டும்.

குடமுழுக்குக்குப் பின் 48 நாள் மண்டலாபிடேகம் நடைபெறுதல் வழக்கம். புதிதாகப் பதிந்த அருளாற்றல் நிலைபெறும் காலம் அது. இங்கே மூலமூர்த்திக்கு மண்டல பூசை நிகழும் அதே 48 நாளும், நீங்கள் எவ்வூரில் இருப்பினும், நாள் ஒன்றுக்கு ஒரு நாழிகை இப்பயிற்சியை மேற்கொள்ளுமாறு வேண்டுகின்றேன். ஒரு நாளைக்கு நாழிகை அறுபது. ஐம்பத்தொன்பது நாழிகையை உலகுக்குக் கொடுத்து ஒரு நாழிகையை உள்ளிருப்பவனுக்குக் கொடுத்தல் பெரிய தியாகம் ஆகுமா? நாற்பத்தெட்டு நாளும் கூட்டினாலும் நாற்பத்தெட்டு நாழிகையே. ஒரு முழுநாள்கூட ஆகவில்லை! திருப்பணிக்குப் பெரும்பொருள் ஈந்த கைகள் இச்சிறு காணிக்கையை மறுக்கமாட்டா என்று நம்புகின்றேன். பொருள் ஈய இயலாமல் வருந்தி நின்ற அன்பர் எவரேனும் இங்கு இருப்பின், அவர்கள் பூசலாரை நினைக்க. இக்காணிக்கைக்கு ஏழை என்றும் செல்வர் என்றும் வேறுபாடு இல்லை. மூச்சை எல்லார்க்கும் ஒப்பவே இறைவன் அளித்திருக்கின்றான்.

ஒரு நாள் தவறினால் மனம் தளர வேண்டா, மறுநாள் தொடர்க. வீட்டில் பெரியோர் அமர்ந்தால் சிறுவர் தாமே வந்து அருகில் அமர்வர். அவர்களை வற்புறுத்த வேண்டா. மண்டலம் நிறைவெய்தும் நாளில் இத்திருக்கோயிலுக்கு வந்து சந்நிதியில் நின்று, நம நம என்று வரும் மூச்சையும் சிவாய என்று செல்லும் மூச்சையும் ஒருமுறை நோக்குங்கள். உள்ளே எரியும் சுடரும் கருவறையில் எரியும் சுடரும் ஒன்றென விளங்கும் அந்நாளே உங்கள் உடற்கோயிலுக்குக் குடமுழுக்கு நாளாகும்.

வெளியே எழுந்த இத்திருக்கோயில் நெடுங்காலம் நின்று விளங்குக. உள்ளே எழும் திருக்கோயில்கள் ஊர்தோறும் வீடுதோறும் பெருகுக. இத்திருப்பணியில் தோள்கொடுத்த அனைவரும் நோயற்ற வாழ்வும் குறைவற்ற செல்வமும் பெற்று, எல்லாம் வல்ல இறைவன் திருவருளில் திளைத்து இன்புறுக என்று வேண்டி அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.